கடல்நீர்த் தொட்டியும் பாறையும்



கடலின் ஒரு சிறு பகுதியையேனும் வீட்டிற்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு நெடுநாளாக உண்டு. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்காக ஒரு மீன் இல்லத்தைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையறிஞர் மீன்தொட்டி அமைக்கும் முறை பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சிச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று புதுமையாய் இருந்த அக்காரியத்தை இன்று ஒரு பள்ளிக்கூடமோ ஒரு குடும்பமோ செய்துவிட முடிகிறது.

வண்ண மீன்களைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் இன்று பேசப்போவது மீனைப் பற்றியன்று. அம்மீனுக்கு வீடாக அமையும் கல்லைப் பற்றி. "கல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கழுவித் தொட்டியில் போட வேண்டியதுதானே!" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கல்லைக் கழுவுகிற அந்த எளிய வேலையில், என் கவனக்குறைவால், ஒரு நல்ல மனிதரின் உயிருக்கே ஊறு நேர இருந்தது. அதனை இப்பேச்சின் இடையில் மறைக்காமல் சொல்லுவேன். அதற்கு முன், கல்லுக்கும் கடல்நீர்த் தொட்டிக்கும் உள்ள உறவு இன்னதென்று அறிந்துகொள்வோம்.

தொட்டியில் வாழும் மீன் உண்ணுகிறது, கழிவை வெளியிடுகிறது. அக்கழிவிலிருந்தும், மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா பிறக்கிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. பரந்த கடலில் அது கரைந்து சிதறிப் போகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அது எங்கே போகும்? இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத நண்பர்கள் துணைக்கு வருகிறார்கள். ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் தீங்குடையதே, நைட்ரேட்டோ அவ்வளவு கொடியதன்று. இத்தகைய நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர்.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட ஏதேனும் ஒன்றன்மேல் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. பவழத்தால் ஆன சுண்ணாம்புப் பாறையை உடைத்துப் பாருங்கள். பஞ்சு போலத் துளைகள் நிறைந்திருக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டில், வெளியிலும் உள்ளுமாக, அவை குடியிருக்க எவ்வளவு இடம்! வெளிப்புறத்தில் உயிர்வளி மிகுந்த இடத்தில் ஒருவகை வாழும். உயிர்வளி எட்டாத உட்துளைகளில் வேறுவகை வாழ்ந்து, நைட்ரேட்டையும் உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். 1961-ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைக் கொண்டே தொட்டியை நலமாக வைத்திருக்கும் முறையை எழுதி வெளியிட்டார். ஆதலால் பாறை என்பது அழகுக்காக இடும் பொருள் அன்று. அது அத்தொட்டியின் ஈரல் போன்றது. ஈரல் கெட்டால் உடல் என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

அப்படியானால் அந்தப் பாறைக்கு எங்கே போவது? கடற்கரையூர்ப் பிள்ளைகள் உடனே, "கடலில்தான் கிடக்கிறதே, ஐயா" என்பார்கள். கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் பல ஆண்டுகள் பவழப் பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். தீவுகளுக்கு அரணாய் நின்ற பாறை போயிற்று. அலை நேரே வந்து மோதியது. அங்குள்ள இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. பவழம் வெட்டியதே அதற்கு முக்கியக் காரணம் என்பர் அறிஞர். அத்தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவழங்கள் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு இன்று பவழத்திற்கும் உண்டு. உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும் அதனைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம்.

வேறு வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில், மிகப் பழங்காலத்தில் கடலடியில் இருந்து இன்று நிலமாகிவிட்ட இடங்களில், பழம்பவழச் சுண்ணாம்புப் பாறையை வெட்டியெடுத்து உலர்பாறை என்று விற்கிறார்கள். சிமெண்டும் சுண்ணாம்புத் துகளும் கலந்து வார்க்கப்பட்ட செயற்கைப் பாறையும், சுட்ட மண்பாறையும் உண்டு. பிறருடைய பழைய தொட்டியிலிருந்து எடுத்த பாறையும் கைமாறி வருவதுண்டு. செயற்கைச் சிமெண்டுப் பாறையில் ஒரு குறை: புதிதாக இருக்கையில் அது நீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்திவிடும். ஆதலால் அதனைப் பல வாரங்கள் நன்னீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி, காரம் தணிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

கையில் கிடைத்த கல் சுண்ணாம்புப் பாறைதானா என்று அறிய உங்கள் சமையலறையே ஆய்வுக்கூடம். கல்லின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரை பொங்கினால் அது சுண்ணாம்பு வகை. துருப்போன்ற செந்நிறக் கோடுகளோ, பளபளக்கும் உலோகத் துகள்களோ உள்ள கல்லை ஒதுக்கிவிடுங்கள். செம்பு முதலிய உலோகங்கள் மிகச் சிறிய அளவிலும் கடலுயிர்களைக் கொல்லும்.

இனித் தூய்மை செய்யும் முறைக்கு வருவோம். செய்ய வேண்டியதைக் காட்டிலும் செய்யக் கூடாததை முதலில் சொல்லுவதே ஆசிரியனின் கடமை.

கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள். பாத்திரத்தைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யும் வழக்கம் நம் வீடுகளில் உண்டாகையால், கல்லையும் அவ்வாறே செய்யலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கல்லின் துளைகளுக்குள் அடைபட்ட நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லையே வெடிக்கச் செய்யலாம். அதனினும் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய தொட்டிப் பாறைகளில் பாலிதோவா என்னும் ஒருவகைக் கடலுயிர் படர்ந்திருக்கக் கூடும். சிறு பொத்தான்களைப் பரப்பி வைத்தாற்போல் அழகாக இருக்கும். அதன் உடலில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு இருப்பதுண்டு. ஹவாய்த் தீவுகளில் எடுத்த உயிரிலிருந்து 1971-ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்தார்கள். உலகில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளுள் இதுவும் ஒன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் ஒரு பொறி இருக்கிறது. இந்நஞ்சு அப்பொறியைத் திறந்த கதவாக்கிவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் இது அழிவதில்லை. நீராவியோடு நுண்துளிகளாகக் கிளம்பி நம் மூச்சில் கலந்துவிடும்.

இது கற்பனை அன்று. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒருவர், பாறையில் வேண்டாது படர்ந்த இவ்வகை உயிரைக் கொல்ல எண்ணிக் கொதிநீரை ஊற்றினார். எழுந்த ஆவியைச் சுவாசித்துக் கடும் மூச்சுத்திணறலுக்கு ஆளானார். அலாஸ்கா மாநிலத்தில் 2012 முதல் 2014 வரை, மீன்தொட்டிக் கடையிலும் வீடுகளிலும் இந்நஞ்சை மூச்சில் ஏற்றதாகக் கருதப்பட்டோர் பற்றி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015-இல் அறிக்கை வெளியிட்டது. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. ஆகவே கொதிநீர் வேண்டா, அடுப்பு வேண்டா, மின்னடுப்பும் வேண்டா. உயிர் ஒட்டியிருக்கும் பாறையைக் காய்ந்த நிலையில் சுரண்டுவதும், நீரை வேகமாகப் பீய்ச்சியடிப்பதும்கூட ஆகா. அத்தகைய பாறை உங்கள் கைக்கு வந்தால், பெரியவர் ஒருவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில், சலவைக் கரைசலில் அரை மணி நேரத்திற்குக் குறையாமல் அதனை அமிழ்த்தி வைத்த பின்னரே மேற்கொண்டு தொட வேண்டும். வெப்பத்திற்கு அழியாத அந்நஞ்சு சலவைக் கரைசலுக்கு அழியும்.

சலவைக் கரைசல் என்று நான் சொல்வது பிளீச்சிங் திரவத்தை நீரில் கலந்தது. அதில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. அது கல்லில் ஒட்டியிருக்கும் செத்த பாசி, புழு, கடற்பஞ்சு முதலியவற்றை எரித்துக் கரைத்துவிடுகிறது. இதனையன்றி வேறொரு பொருளையும் கல்லுக்குப் பயன்படுத்துவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் ஆசிட் என்று கேட்டால் கொடுப்பது அதுவே. அது கல்லின் மேற்புறத்தையே சிறிது கரைத்து, பழைய கறைகளையும் படிந்த பாஸ்பேட்டையும் நீக்குகிறது. நூறு கிராம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க எழுபத்துமூன்று கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வேண்டும். நாற்பத்துநான்கு கிராம் கரியமில வாயு வெளிப்படும். அது ஏறத்தாழ இருபத்துநான்கு லிட்டர் இடத்தை நிரப்பும். ஆகவே மூடிய அறையில் இதனைச் செய்தல் ஆகாது.

இரண்டும் தனித்தனியே பயனுள்ளவை. இரண்டும் கலந்தால்? அதனைத்தான் நான் என் பள்ளியில் கண்டேன்.

2015-ஆம் ஆண்டு. நான் ஒரு கடற்கரைச் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். வண்ணமீன் வாணிகம் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர், "நம் பள்ளிக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி தருகிறேன், ஐயா" என்று அன்போடு முன்வந்தார். இருநூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியும், யாரோ ஒருவர் தொட்டியைக் கலைத்தபோது கிடைத்த இருபது கிலோ உலர்ந்த பாறையும் வந்து சேர்ந்தன. பாறையெல்லாம் காய்ந்த பாசியும் செத்த புழுக்களுமாய் நாற்றம் வீசியது. நூல்களைப் படித்தேன். முதலில் சலவைக் கரைசல். பிறகு நன்றாக அலசி உலர்த்துதல். அதன்பின் வேண்டுமானால் மெல்லிய அமிலம். இப்படி வரிசையைத் தெளிவாக அறிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை. ஆய்வுக்கூடத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் இரண்டு வாளிகள். ஒன்றில் சலவைக் கரைசலும் அதில் அமிழ்ந்த பாறைகளும். மற்றொன்றில் பிற்பாடு பயன்படுத்துவதற்காகக் கலந்து வைத்த அமிலக் கரைசல். எது எது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அப்பொழுது பெற்றோர் ஒருவர் பார்க்க வந்திருப்பதாகச் செய்தி வந்தது. "ஐந்து நிமிடத்தில் திரும்புவேன்" என்று எண்ணி அலுவலக அறைக்குச் சென்றேன். ஐந்து நிமிடம் அரை மணி ஆயிற்று.

எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் மிக நல்லவர். ஒரு வேலையைச் சொல்லாமலே செய்து முடிக்கும் இயல்பினர். தரை கழுவ ஒரு வாளி வேண்டியிருந்தது. இரண்டு வாளிகளிலும் தெளிந்த நீர் போன்ற ஒன்று இருக்கக் கண்டார். ஒன்றை மற்றொன்றில் ஊற்றினால் ஒரு வாளி காலியாகும் அன்றோ? பாறை இருந்த வாளியில் அமிலத்தை ஊற்றிவிட்டார். மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு புகை வாளியின் விளிம்பில் வழிந்தது. அது குளோரின் வாயு. காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுள்ளது; ஆகையால் மேலே பறந்து போகாமல் தரையோடு தவழ்ந்து நிற்கும். அவரோ வாளியின்மேல் குனிந்திருந்தார். ஷீலே என்னும் வேதியியலறிஞர் 1774-இல் முதன்முதலாக உண்டாக்கிய இவ்வாயுவைத்தான் 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் ஈப்பர் போர்க்களத்தில் மனிதர் மனிதர்மேல் ஏவினார்கள். அந்தப் போர்க்கள வாயு எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் கிளம்பியது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்காக அன்று வந்திருந்தாள். அவள் ஓடி வந்து வாளியருகே போகவில்லை. தொலைவில் நின்றே, "அண்ணா, வாளியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள்! காற்று வரும் பக்கம் வாருங்கள்!" என்று கூவினாள். அவர் தடுமாறிக்கொண்டே வெளியே வந்து மண்ணில் விழுந்தார். நான் ஓடிச்சென்று பார்த்தபோது அவர் கண்களிலிருந்து நீர் பெருகியது, இருமல் நிற்கவில்லை, பேச முடியவில்லை. 108 வண்டி வந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் உயிர்வளி கொடுத்தார்கள். கடற்காற்று வீசிக்கொண்டிருந்த திறந்த தாழ்வாரம் ஆகையால் அவர் பிழைத்தார். கதவடைத்த ஆய்வுக்கூடமாக இருந்திருந்தால், இன்று உங்கள் முன் பேசும் துணிவு எனக்கு இருந்திராது.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் முதலில் சொன்ன சொற்கள் இவை: "தண்ணீர் என்று நினைத்துவிட்டேன், ஐயா. மன்னித்துவிடுங்கள்." மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்டவர் அவர். என் அருகிலிருந்த ஒருவர், "அறிக்கையில் உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை" என்று எனக்கு அறிவுரை கூறினார். அன்றிரவு அறிக்கைத் தாளை முன்னே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வாறு எழுதிவிடலாமா என்று என் மனமும் ஒரு கணம் ஊசலாடியது என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

மறுநாள் காலை அந்த மாணவி என்னைப் பார்க்க வந்தாள். "ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றாள். "கேள், அம்மா" என்றேன். "செய்முறை வகுப்பில் குப்பிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டாவிட்டால் எங்களுக்கு இரண்டு மதிப்பெண் குறைப்பீர்களே, வாளிக்கு மட்டும் ஏன் ஐயா ஒட்டவில்லை?" என்றாள். அவள் குரலில் குறும்பு இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அறிக்கையில், "பெயர்ச்சீட்டு இடாமலும், காவலின்றியும் வாளிகளை விட்டுச் சென்றது தலைமையாசிரியரின் பிழை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். திங்கட்கிழமை இறைவணக்கக் கூட்டத்திலும் அதனையே சொன்னேன். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அது தகுதியானதே.

நேயர்களே, நான் இதனை உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மீன்தொட்டி வைக்கும் வீடுகள் சில. ஆனால் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இல்லாத வீடுகள் மிகச் சில. கழிவறை கழுவும்போது, "இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் வெளுக்கும்" என்று எண்ணுவோர் இன்றும் உளர். சேர்க்காதீர்கள். வினிகரோடும் பிளீச்சிங்கைச் சேர்க்காதீர்கள். அதிலும் குளோரின் எழும். அமோனியா உள்ள பொருளோடும் சேர்க்காதீர்கள். வேறொரு நச்சு வாயு எழும். ஒருகால் எவரேனும் இதில் அகப்பட்டால், காற்று வரும் பக்கமாக நின்று அவரை வெளியே அழையுங்கள். உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். கண்ணைத் தூய நீரால் பதினைந்து நிமிடமேனும் கழுவுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயுவுக்குள் பாயாதீர்கள். அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி செய்ததே சரி.

இனி, பாறையைப் பதப்படுத்தும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, உலர்ந்த துப்புரவு. நைலான் தூரிகையால் ஒட்டிக்கொண்டிருப்பவற்றைத் தேய்த்து நீக்குங்கள். கம்பித் தூரிகை வேண்டா, உலோகம் தங்கிவிடும். உயிர் எதுவும் ஒட்டியிராத பழங்காய்ந்த பாறைக்கே இது பொருந்தும். ஆயினும் தூசி மூக்கில் ஏறாதபடி முகமூடியும், கையில் தடித்த கையுறையும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். கையில் கீறல் இருந்தால் அன்று வேலை வேண்டா. மீன்தொட்டி நீரிலிருந்து கீறல் வழியே புகுந்து, தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் ஒரு நுண்ணுயிர் உண்டு. பிலடெல்பியா மீன் காட்சிச்சாலையில் இறந்த மீன்களில் ஆரன்சன் என்பவர் 1926-இல் அதனைக் கண்டறிந்து கூறினார்.

இரண்டாவது, சலவைக் கரைசல். மணமும் சோப்பும் சேராத பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. திறந்த வெளியில், பிளாஸ்டிக் வாளியில், ஒரு முழு நாள் ஊறட்டும். வாளியின்மேல் பெரிய எழுத்தில் பொருளின் பெயரும், நாளும், "தொடாதே" என்னும் சொல்லும் எழுதி ஒட்டுங்கள். பிறகு கல்லை எடுத்துப் பலமுறை அலசுங்கள். நன்னீரில் ஊறவிட்டு நீரை மாற்றுங்கள். எஞ்சிய குளோரினைப் போக்க, வேதியியல் வகுப்பில் ஹைப்போ என்று நீங்கள் அறிந்த சோடியம் தயோசல்பேட்டு மிக ஏற்றது. பின்னர் நல்ல வெயிலில் பல நாள் உலர்த்துங்கள். மூக்குக்கு வாசம் தெரியவில்லை என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. குளோரின் சோதனைத் தாளும் வெறுமையைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, அமிலம். பெரும்பாலான பாறைகளுக்கு இது வேண்டுவதே இல்லை. எங்கள் பள்ளியில் அதன்பின் நான் அதனைப் பயன்படுத்தவும் இல்லை. மாணவர்கள் இதனைத் தொடவே கூடாது. கட்டாயம் வேண்டுமாயின், அறிந்த பெரியவர் ஒருவர், சலவைக் கரைசலின் சுவடே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வேறொரு நாளில் செய்யட்டும். தண்ணீரை முதலில் எடுத்து அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் விடலாகாது. அவ்வாறு விட்டால் வெப்பம் மிகுந்து முகத்தில் தெறிக்கும். வேலை முடிந்ததும் சமையல் சோடாவை இட்டு, நுரை அடங்கும் வரை அமிலத்தைத் தணித்த பின்னரே கொட்ட வேண்டும்.

நான்காவது, பதம் செய்தல். இதுவே முதன்மையானது, இதற்கு வேண்டிய பொருள் பொறுமை ஒன்றே. தூய்மை செய்த பாறை இப்பொழுது உயிரற்ற கல். அதில் நுண்ணுயிர்களைக் குடியேற்ற வேண்டும். கடலுப்புக் கலவையை ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் வீதம் கலந்து, ஒப்படர்த்தி 1.025 அளவில் உப்புநீர் செய்துகொள்ளுங்கள். சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் மக்னீசியமும் கால்சியமும் பிறவும் உண்டு. ஒரு பெரிய தொட்டியில் பாறையை அமிழ்த்தி, நீர் ஓயாமல் சுழலுமாறு சிறிய மின்னிறைப்பியை இயக்குங்கள். இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். நலமான ஒரு தொட்டியிலிருந்து சிறு துண்டுப் பாறையையோ, கடையில் கிடைக்கும் நுண்ணுயிர்க் கலவையையோ வித்தாக இடுங்கள். அவற்றுக்கு இரையாக ஒரு சிட்டிகை மீன் தீனி போதும்.

முதலில் அமோனியா உயரும்; பிறகு அது தணிந்து நைட்ரைட்டு உயரும்; பின்னர் அதுவும் தணியும். இவற்றைச் சோதனைத் திரவங்களால் அறிந்து ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள். அக்குறிப்பேடு, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரின் குடிவரலாறு. நாற்றம் வீசினால் நீரின் ஒரு பகுதியை மாற்றுங்கள். நான்கு முதல் எட்டு வாரங்களில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லாது போகும். அழுகல் நாற்றம் நீங்கி, கடற்கரையின் மணம் வரும். அப்பொழுதுதான் கல் பதமாயிற்று என்று பொருள். கழித்த உப்புநீரைக் கிணற்றடியிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள், மண் உவர்ப்பாகிவிடும்.

கடைசியாக, பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்தில் அசையாதபடி அடுக்கிவிட்டு அதன்பின் மணலை இடுங்கள். மணலின்மேல் பாறையை அடுக்கினால், மணலைத் தோண்டும் மீன்கள் அடியைக் குடைந்து, பாறை சரிந்து கண்ணாடி உடையும். அடித்தளம் உறுதியாயிருக்க வேண்டும் என்பது மீன்தொட்டிக்கு மட்டும் உரிய விதி அன்று.

எங்கள் பள்ளித் தொட்டி ஏழாம் வாரத்தில் பதமாயிற்று. உதவியாளர் நலம் பெற்றுத் திரும்பி வந்திருந்தார். முதல் இரண்டு மீன்களையும் அவர் கையாலேயே விடச் செய்தோம். அம்மீன்கள் சற்றே தயங்கி நின்று, பின் பாறையின் துளைக்குள் நுழைந்து எட்டிப் பார்த்தன. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "இந்த வாளியைக் கழுவலாமா, ஐயா?" என்று கேட்டுச் சிரித்தார். வாளியின்மேல், அந்த மாணவியின் கையெழுத்தில், "உப்புநீர்" என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

நான் 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். இன்றும் என் வீட்டில் எந்தப் புட்டியிலும் பெயரில்லாமல் ஒரு பொருளும் இருப்பதில்லை. என் பேரப்பிள்ளைகள் இதனைக் கண்டு நகைப்பதுண்டு, நகைக்கட்டும். நமக்குத் தெரிந்ததைப் பிறரும் அறிந்திருப்பார் என்று எண்ணுவதே பல விபத்துகளுக்கு வித்து. ஒரு சிறு சீட்டும், ஒரு துளி மையும், ஒரு நிமிட நேரமும் ஓர் உயிரைக் காக்கும் என்றால், அதற்குச் சோம்புவது அறிவுடைமை ஆகுமா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.